இணையாத வரிகள்: தரவுத்தளத்தைப் படமாக்கும் கருவி

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய் வரும். வயலும் களப்பும் சூழ்ந்த பழைய ஊர். 1985இல் ஊரே இடம்பெயர்ந்தது. நெடுங்காலம் கழித்தே மக்கள் திரும்பினார்கள். இந்த ஊரின் பெயரைப் பட்டியல்களில் தேடினால் தமிழில் திரியாய், சிங்களத்தில் திரியாய, ஆங்கில எழுத்தில் ‘டி’க்குப் பின் ‘எச்’ போட்டது, போடாதது, கடைசியில் ஓர் எழுத்துக் கூடியது என்று பல வடிவங்கள் வரும். நமக்கு எல்லாம் ஒரே ஊர். தரவுத்தளத்துக்கு ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர்.

ஊர்ப்பெயரே இப்படியென்றால் ஆட்பெயரைக் கேட்கவே வேண்டாம். தரவுத்தளங்களோடு வேலை செய்வதற்கான படவழிக் கருவிகளை அறிமுகப்படுத்த இப்படிப்பட்ட ஊரே நல்ல தொடக்கம்.

பெரும்போகத்துக்கான பசளை மானியம் கமக்காரர்களின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யார் எத்தனை ஏக்கர் செய்கிறார் என்ற பட்டியல் கமநல சேவை நிலையத்தில் இருக்கும். யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பது கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும். கணக்கு இலக்கம் வங்கியில் இருக்கும். மூன்றையும் பொருத்தினால்தான் பணம் பெறுவோரின் பட்டியல் பிறக்கும். ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தரவை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கவும், பொதுவான ஒரு நெடுவரிசையைக் கொண்டு அவற்றை மீண்டும் இணைக்கவும் வழிகாட்டியது. அதே நிறுவனத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் அதற்கென ஒரு வினவல் மொழியை அமைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்கியூஎல்.

அந்த மொழி தெரிந்த நிரலாளர் கொழும்பில் இருப்பார். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போட்டவரும் அதை முழுதாக எழுதியவரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர் ஊரில் இருப்பார். நிரலாளர் எழுதிய வினவலை ஊரிலுள்ளவர் வாசிக்க முடியாது. ஊரிலுள்ளவரின் அறிவு வினவலுக்குள் நுழைய வழியில்லை. படவழிக் கருவியை ஆக்குவதற்கான உண்மையான காரணம் இந்த இடைவெளி. “நிரல் எழுதாமலே எல்லாம் செய்யலாம்” என்ற விளம்பரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் நிரலின் போக்கைச் சரிபார்க்கலாம் என்பதே இதன் பெறுமதி.

கருவியின் தோற்றம் எளிது. திரையில் பெட்டிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். இடப்பக்கம் மூலப் பட்டியல்கள், நடுவில் துப்புரவாக்கல், வடிகட்டல், இணைத்தல், கூட்டல் போன்ற வேலைகள், வலப்பக்கம் முடிவு. குளத்து நீர் மதகைக் கடந்து வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்குப் போவதுபோலத் தரவு பெட்டிக்குப் பெட்டி நகரும்.

உள்ளே நடப்பது அவ்வளவு எளிதல்ல. கோடுகள் சுற்றிவந்து தொடங்கிய பெட்டியிலேயே முட்டக் கூடாது. முட்டினால் எதை முதலில் இயக்குவது என்று முடிவே செய்ய முடியாது. எது முன், எது பின் என்று வரிசைப்படுத்த ஆர்தர் கான் 1962இல் தந்த வழிமுறை இன்றும் பயன்படுகிறது: உள்ளே கோடு எதுவும் வராத பெட்டியை எடு, அதிலிருந்து கிளம்பும் கோடுகளை அழி, மறுபடியும் அதையே செய். எல்லாப் பெட்டிகளும் தீர்ந்தால் வரிசை கிடைத்தது; தீராமல் நின்றால் எங்கோ சுற்று இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் வரும் நெடுவரிசைகள் எவை, எண்ணா எழுத்தா திகதியா என்று முன்கூட்டியே அறிந்து அடுத்த பெட்டிக்குச் சொல்ல வேண்டும். இது இருந்தால்தான் ஏக்கர் நெடுவரிசையில் பெயர் வந்து விழுவதை இயக்குமுன்பே சிவப்பில் காட்ட முடியும். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த நைம் கருவியில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே வீதி விளக்குப் போல மூன்று நிறங்கள் இருக்கும். சிவப்பு என்றால் இன்னும் அமைக்கவில்லை, மஞ்சள் என்றால் ஆயத்தம், பச்சை என்றால் வேலை முடிந்தது.

நல்ல கருவி இலட்சம் வரிகளைத் தன்னிடம் இழுத்துவைத்து வடிகட்டாது. அடுத்தடுத்த பெட்டிகளைச் சேர்த்து ஒரே எஸ்கியூஎல் வினவலாக்கித் தரவுத்தளத்துக்கே அனுப்பும். வேலை அங்கே முடிந்து விடை மட்டும் திரும்பும். முன்னோட்டம் பார்க்கும் வேளையில் மூல அட்டவணையில் எழுதும் உரிமை கருவிக்கு இருக்கவே கூடாது. அழகான திரையை ஆக்குபவர்கள் அடிக்கடி மறக்கிற விதி இது.

இனித் திரியாய்ப் பட்டியலுக்கு வருவோம். பெயரை நம்ப முடியாதென்றால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தால் இணைக்கலாம் என்று தோன்றும். அதிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. பழையது 9 இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. புதியது 12 இலக்கம். ஒரே ஆள் வங்கியில் பழைய இலக்கத்தையும் கமநல சேவை நிலையத்தில் புதியதையும் கொடுத்திருக்கலாம். நல்லவேளையாக மாற்றத்துக்கு விதி இருக்கிறது: பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்க்க வேண்டும், அதன் பழைய முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 செருக வேண்டும், கடைசி எழுத்தை நீக்க வேண்டும். இந்த விதியை ஒரு பெட்டியாக்கி வைத்துவிட்டால் எந்தப் பட்டியலின் வழியிலும் அதை இழுத்துப் போடலாம். அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் நாளும் இருக்கின்றன. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே பிறந்த திகதியோடு ஒப்பிட்டுத் தட்டச்சுப் பிழைகளையும் அதே பெட்டியில் பிடிக்கலாம்.

தமிழ்ப் பெயர்கள்தான் கடினம். இலங்கையில் பல கோப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோட் கோப்போடு அதை ஒப்பிட்டால் ஒரு பெயர்கூடப் பொருந்தாது. இரண்டும் யூனிகோடாக இருந்தாலும் தொல்லை தீராது. ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்பகுதி பின்பகுதி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இதை யூனிகோடின் இயல்பாக்கல் விதி சரிசெய்துவிடும். ‘ஸ்ரீ’ அதற்கும் அடங்காது. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்த பிறகு ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகக் குறியிடுவது வழக்கமாகிவிட்டது, இயல்பாக்கல் விதி அவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. இதற்குத் தமிழ் அறிந்தவர் தனியே ஒரு விதி எழுத வேண்டும். வெளிநாட்டில் செய்த எந்தக் கருவியும் இதை நமக்காகச் செய்து தராது.

இவ்வளவு செய்தும் சில வரிகள் இணையாது. எஸ்கியூஎல்லில் சாதாரண இணைப்பு, இரு பக்கமும் பொருந்தியவற்றை மட்டும் தந்துவிட்டு மற்றவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் அச்சாகும், பணம் போகும். விடுபட்ட கமக்காரர் மட்டும் தன் பெயர் ஏன் இல்லையென்று அலுவலகம் அலுவலகமாக அலைவார். இந்த இடத்தில் படம் எழுத்தைவிட மேலானது. அமெரிக்காவின் ஆல்ட்ரிக்ஸ் கருவியில் இணைப்புப் பெட்டிக்கு மூன்று வாய்கள் உண்டு: நடுவில் பொருந்தியவை, மேலும் கீழும் ஒவ்வொரு பக்கத்திலும் பொருந்தாமல் நின்றவை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி 2014இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் சேர்ந்த நைஃபை கருவி, பெட்டிகளுக்கிடையே எத்தனை பதிவுகள் காத்திருக்கின்றன என்பதைக் கோட்டின் மேலேயே எழுதிக் காட்டும். விடுபட்டவற்றுக்கும் ஒரு வாயும் ஒரு எண்ணிக்கையும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தப் படவழிக் கருவியையும் நான் முதலில் இதைக் கொண்டே மதிப்பிடுவேன்.

இந்தத் துறையில் இலங்கைக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து திருகோணமலைக் கரையையும் அழித்துப் போனபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் என்று எல்லாமே பட்டியல்களாகக் குவிந்தன. கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் அவற்றைக் கையாள அவசரமாக எழுதிய மென்பொருள்தான் சஹானா. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூக நலனுக்கான திட்டங்களுக்குத் தரப்படும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதையும் பெற்றது. தரவின் ஒவ்வொரு வழியையும் கையால் நிரலாக எழுதிய காலம் அது.

அந்த முயற்சிக்குத் துணைநின்ற லங்கா மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியவர் சஞ்ஜீவ வீரவரண. அதற்கு முன் ஐபிஎம்மில் இருந்தபோது பிபெல் என்ற வேலையோட்ட மொழியை வகுத்தவர்களில் ஒருவர். 2002இல் வெளியான அந்த மொழிக்கான கருவிகளில் வேலையைப் படமாக வரையலாம். கருவி அதை எக்ஸ்எம்எல் கோப்பாக்கும். மனிதர் வாசிக்க முடியாத அளவுக்கு நீண்ட கோப்பு. படத்தில் ஒன்றை மாற்றினால் கோப்பில் என்ன மாறியது என்று இரு பதிப்புகளை ஒப்பிட்டுச் சொல்வது பெரும்பாடு.

2005இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் பாலெரினா என்ற திறந்த மூல நிரல் மொழியை வெளியிட்டது. 2019இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. படத்துக்கெனத் தனிக் கோப்பு எதுவும் அதில் கிடையாது. எழுதிய நிரலிலிருந்தே படம் பிறக்கிறது. வரிசைப் படத்தில் ஒவ்வொரு தரவுத்தளமும் வெளிச்சேவையும் ஒரு செங்குத்துக் கோடு. அவற்றுக்கிடையே போகும் கேள்வியும் பதிலும் கிடை அம்புகள். படத்தில் ஒரு படியைச் சேர்த்தால் நிரலில் அந்த இடத்தில் சில வரிகள் கூடும். நிரலில் திருத்தினால் படம் மாறும். ஊரிலுள்ளவர் பார்ப்பதும் நிரலாளர் பார்ப்பதும் ஒன்றே என்ற உறுதி இதனால் கிடைக்கிறது. பயனர் தட்டச்சு செய்த பெயரை எஸ்கியூஎல்லின் பகுதியாக ஒட்டிவிடாமல் தனி மதிப்பாக அனுப்பும் முறையும் அந்த மொழியிலேயே அமைந்திருப்பதால், பெயர்ப் பெட்டிக்குள் கள்ள வினவலைப் புகுத்தும் தாக்குதலுக்கு இடம் குறைவு.

படம் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ஐந்நூறு பெட்டிகள் நிறைந்த திரை ஐந்நூறு வரி நிரலைவிடக் குழப்பமானது. பெட்டிகளைச் சிறு தொகுதிகளாக மடித்து, ஒவ்வொன்றுக்கும் தெளிவான தமிழ்ப் பெயர் வைத்தால்தான் கிராம உத்தியோகத்தர் அதை வாசிப்பார்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் கற்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். முழுக் கருவியையும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. திறந்த மூலக் கருவிகள் போதிய அளவு இருக்கின்றன. பாமினியை யூனிகோடாக்கும் பெட்டி, ‘ஸ்ரீ’யையும் ஓகாரக் குறியையும் ஒழுங்கு செய்யும் பெட்டி, அடையாள அட்டை இலக்கத்தை மாற்றிச் சரிபார்க்கும் பெட்டி, ஊர்ப்பெயர்களின் மும்மொழி வடிவங்களைப் பொருத்தும் பெட்டி ஆகிய நான்கையும் செய்து, தமிழ் விளக்கத்தோடு எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள்.