மடிக்கணினியின் பேட்டரி: ஓட்டமும் ஆயுளும்

தைப்பிங், கமுண்டிங், செலாமா வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலும் இன்று ஒரு மடிக்கணினி இருப்பதைக் காண்கிறோம். பெரும்பாலும் அது புதியதன்று. அண்ணன் படித்து முடித்த பின் தங்கைக்கு வந்ததாக இருக்கும். அல்லது பழைய கணினி விற்கும் கடையில் வாங்கியதாக இருக்கும். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினிகளோ ஏராளம். அவற்றைத் தூக்கி எறியாமல், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாகவே உழைக்கும்.

ஆனால் லினக்ஸ் போட்ட பல வீடுகளில் ஒரு குறை எழுகிறது. “கணினி வேகமாகத்தான் ஓடுகிறது, பேட்டரிதான் நிற்பதில்லை” என்பதே அது. இந்தக் குறையைத் தீர்க்கும் வழிகளை இன்று பார்ப்போம்.

லினக்ஸ் 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 1991இல்தான்! தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது. ஆகவே இது பிள்ளைகளுக்கு ஒவ்வாத பொருள் என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

பேட்டரியைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை, சுவரில்தான் மின்சாரம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தைப்பிங் மழையை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். தீபகற்பத்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 முதல் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்தால், இங்கே ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. இடி முழங்கும் மாலையில் கணினியைச் சுவர் மின்சாரத்தில் மாட்டி வைப்பது ஆபத்து. செருகியைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளை பள்ளிப் பாடம் செய்யும் நேரமும் அதே மாலைதான். அந்த இரண்டு மணி நேரத்தைப் பேட்டரி தாங்குமா தாங்காதா என்பதில்தான் பாடம் முடிவதும் முடியாததும் இருக்கிறது. (1894இல் ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்காக இந்நாட்டில் முதலில் மின்சாரம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம் தம்புசாமிப் பிள்ளை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

பேட்டரி விஷயத்தில் இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது ஒன்று. அந்தப் பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மற்றொன்று. முன்னதை ஓட்டம் என்றும் பின்னதை ஆயுள் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் ஓட்டம். பேட்டரியில் உள்ள மின்சாரத்தை வாட் மணி என்ற அளவால் சொல்கிறார்கள். அதைத் தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவாக நினைத்துக்கொள்ளுங்கள். கணினி ஒரு நேரத்தில் இழுக்கும் வாட், திறந்துவிட்ட குழாய். 42 வாட் மணி பேட்டரியில் கணினி 14 வாட் இழுத்தால் 3 மணி நேரம் ஓடும். 7 வாட் மட்டும் இழுத்தால் 6 மணி நேரம் ஓடும். கணக்கு இவ்வளவுதான். குழாயைச் சிறிதாக்குவதே நம் வேலை.

இந்தக் கணக்கை உங்கள் கணினியே காட்டும். லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு சிறு நிரல் உண்டு. கேடிஈ மேசையில் இன்ஃபோ சென்டர் என்ற இடத்தில் பார்க்கலாம். புதிதாக இருந்தபோது பேட்டரி கொண்ட அளவு, இப்போது கொள்ளும் அளவு, இந்த நிமிடம் இழுக்கும் வாட் ஆகிய மூன்றும் அங்கே இருக்கும். புதிதில் 48 ஆக இருந்தது இப்போது 24 என்று காட்டினால், தொட்டியே பாதியாகிவிட்டது என்று பொருள். அப்போது லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மென்பொருளும் இழந்த பாதியைத் திருப்பித் தராது. எதையும் மாற்றுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தொட்டி நன்றாக இருக்கிறது, குழாய்தான் பெரிது என்றால், முதலில் கை வைக்க வேண்டியது திரையில். சாதாரண வேலையில் மின்சாரத்தை அதிகம் தின்பவற்றுள் திரையின் ஒளி முதன்மையானது. முழு ஒளியில் இருப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்த வாட் எண்ணை மறுபடி பாருங்கள், நீங்களே வியப்பீர்கள். வீட்டுக்குள் இருந்து படிக்கப் பாதி ஒளி போதும். திரையின் நிறத்தைக் கறுப்பாக மாற்றினால் மின்சாரம் மிச்சமாகும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஓஎல்ஈடி வகைத் திரைக்கு அது உண்மை. பழைய மடிக்கணினிகளில் இருப்பது பெரும்பாலும் எல்சிடி திரை. அதன் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு நிறத்தால் சொல்லத்தக்க லாபமில்லை.

அடுத்தது இணைய உலாவி. இருபது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் படிப்பது, எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பது போலாகும். காணொளிப் பாடம் பார்க்கும்போது படத்தின் தரத்தை 480 அளவுக்கு இறக்கினால் கணினிக்கும் வேலை குறைவு, இணையக் கட்டணத்துக்கும் நல்லது.

பிறகு லினக்ஸின் சொந்த ஏற்பாடுகள். க்னோம், கேடிஈ மேசைகளில் மூலையிலுள்ள பேட்டரிப் படத்தைத் தட்டினால் பொதுவாக மூன்று நிலைகள் தெரியும்: முழு வேகம், நடுத்தரம், மின்சிக்கனம். செருகியைக் கழற்றியதும் மின்சிக்கனத்துக்கு மாறிக்கொள்ளலாம். எழுதவும் படிக்கவும் அந்த வேகம் தாராளம். இந்த வசதி இல்லாத பழைய கணினிக்கு டிஎல்பி என்னும் இலவச நிரல் உண்டு. ஒருமுறை நிறுவிவிட்டால், செருகி மாட்டியிருக்கிறதா கழற்றியிருக்கிறதா என்று தானே பார்த்து அமைப்புகளை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒரே கணினிக்கு இரண்டு காவல்காரர்களை வைக்காதீர்கள். டிஎல்பியும் அந்த மூன்று நிலை ஏற்பாடும் சேர்ந்து ஓடினால் ஒன்று செய்ததை மற்றொன்று கலைக்கும்.

எந்த நிரல் மின்சாரத்தைத் தின்கிறது என்று ஆராய, இன்டெல் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பவர்டாப் உதவும். பார்ப்பதற்கு மிக நல்ல கருவி. அதில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சிக்கனமாக்கும் வழியும் உண்டு. அதைச் செய்தால் சில கணினிகளில் சுட்டெலி தூங்கிப்போய் உடனே எழ மறுக்கும். நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினி என்றால் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. விளையாட்டுக்காக வைத்த அந்த அட்டை, லினக்ஸில் சில வேளை பயனின்றியே விழித்திருந்து மின்சாரத்தை இழுக்கும். என்விடியாவின் அமைப்புத் திரையில் இன்டெல் அட்டையைத் தேர்ந்து கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மூடியைச் சாத்தியதும் கணினி அணைந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு. அது தூங்குகிறது, சில கணினிகள் தூக்கத்திலும் இரவெல்லாம் பேட்டரியைக் கரைத்துவிடும். படுக்கப் போகுமுன் முழுமையாக அணைத்துவிடுங்கள்.

இனி ஆயுள். இதை விளக்கப் பால்மரத்தை விடச் சிறந்த உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. இன்று நிறைய மங்கு நிரம்ப வேண்டும் என்று பட்டையை ஆழ வெட்டினால் மரத்துக்குக் காயம். நாளைக்குப் பால் இல்லை. அதனால்தான் ஒரு நாள் வெட்டி ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறோம். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். நூறு விழுக்காடு நிரம்பிய நிலையிலேயே நாள்கணக்கில் செருகியில் கிடந்தால் அதனுள் தேய்மானம் கூடுகிறது. அடிக்கடி சுத்தமாக வற்றவிடுவதும் கெடுதல். மாதம் ஒருமுறை முழுக்க வற்றவிட வேண்டும் என்ற பேச்சு பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தது. லித்தியத்துக்கு அது பொருந்தாது.

எண்பது விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும்படி கணினிக்கே கட்டளை இடலாம். திங்க்பேட், ஏசஸ் வகைகள் பலவற்றில் லினக்ஸ் இதைச் செய்யும். கேடிஈ மேசையிலும், 2025இல் வந்த க்னோம் 48இலும் மின்சக்தி அமைப்புகளில் இதற்கு இடமுண்டு. மற்றவற்றில் டிஎல்பி வழியே எண்ணைக் கொடுக்கலாம். எல்லாக் கணினியும் இதற்கு இடம்கொடுக்காது. பரீட்சைக்கோ வெளியூருக்கோ போகும் நாளில் மட்டும் நூறுவரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய எதிரி வெப்பம். மெத்தையின் மேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் அறை வேறு கொதிக்கிறது. ஒரு பலகையோ தட்டையான தட்டோ அடியில் வைத்தாலே பெரிய உதவி. வெயிலில் நிறுத்திய காருக்குள் கணினியை விட்டுப் போகாதீர்கள்.

பேட்டரி பாதிக்கும் கீழே போய்விட்டால் மாற்றிவிடலாம். மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு போய், நம்பிக்கையான கடையில், உத்தரவாதத்துடன் கேளுங்கள். மிக மலிவாகக் கிடைப்பவற்றில் போலிகள் உண்டு. விசைப்பலகை மேல்நோக்கி எழும்பினாலோ, அடிப்பலகை பிளந்துகொண்டு வந்தாலோ, பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே கணினியை அணைத்து, செருகியைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடாமல், எரிக்காமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.