குதிரையேற்றப் பயிற்றுநரைத் தேடும் பெற்றோருக்கு

சில மாதங்களுக்கு முன் திருத்தங்கல் பகுதியிலிருந்து ஒரு தாய் தம் ஏழு வயது மகனுடன் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வந்திருந்தார். சிறுவனுக்கு மூளை முடக்குவாதம். இரு கால்களிலும் தசை இறுக்கம் உண்டு. கைத்தாங்கல் இருந்தால் நடப்பான். அன்றைய பயிற்சி முடிந்த பின் அவர் சற்றுத் தயங்கிக் கேட்டார்: "சார், பக்கத்து ஊர்ல கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுறவர் ஒருத்தர் இருக்காரு. என்னையும் பையனையும் ஒண்ணா உக்கார வச்சே சவாரி கத்துத் தர்றேங்கிறாரு. மூணு மாசத்துல தானா நடந்துருவான்னும் சொல்றாரு. போகலாமா?"

குதிரைச் சவாரி இத்தகைய குழந்தைகளுக்கு உதவும் என்று அவர் கேள்விப்பட்டதில் தவறில்லை. ஒரே குதிரையில் இருவர் அமர்வதும், மூன்று மாதத்தில் நடை வந்துவிடும் என்ற உறுதிமொழியும்தான் எங்களைக் கவலையுறச் செய்தன. இதே கேள்வி வேறு சில குடும்பங்களுக்கும் எழுந்திருப்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

குதிரை மெதுவாக நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஒரே சமயத்தில் அசைகிறது. அந்த அசைவு, மனிதர் நடக்கும்போது இடுப்பெலும்பு அசைவதைப் பெரிதும் ஒத்தது. தானாக நடக்க இயலாத குழந்தையின் இடுப்பும் முதுகுத் தசைகளும் குதிரையின் மேல் நடையின் தாளத்தை உணர்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் உடல் தன்னைச் சமன்செய்துகொள்கிறது. விலங்கின் உடற்சூடும், கால்களை அகற்றி அமரும் நிலையும் தொடைத் தசைகளின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துகின்றன. உட்காரும் சமநிலையும் உடற்கட்டுப்பாடும் மேம்படுவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவற்றுள் பல சிறிய ஆய்வுகள். குதிரைச் சவாரி மூளை முடக்குவாதத்தைக் குணப்படுத்தும் மருத்துவம் அன்று. நாள்தோறும் செய்யும் இயன்முறைப் பயிற்சிக்கு மாற்றும் அன்று. நடை வரும் என்று நாள் குறித்துச் சொல்லும் பயிற்றுநரை நம்ப வேண்டாம்.

இத்துறைக்கு உலகின் கவனம் திரும்பக் காரணமானவர்களுள் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல். குதிரையேற்ற வீராங்கனையான அவரை 1944-இல், கருவுற்றிருந்த காலத்தில், இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்க்கோ முழங்காலுக்குக் கீழே உணர்வும் வலுவும் திரும்பவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட நிலையிலேயே, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் ஜூபிலி என்னும் குதிரையின் மீதமர்ந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இல் மீண்டும் ஒரு வெள்ளி. அவர் முன்பே நன்கு பயின்றவர் என்பதையும், பல ஆண்டு உழைப்புக்குப் பின்னரே அந்நிலையை எட்டினார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, பயிற்றுநரைப் பற்றி. கொடைக்கானல் ஏரிக்கரையில் குழந்தையை ஏற்றி ஒரு சுற்று அழைத்துச் செல்பவரும், ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புபவரும் தத்தம் தொழிலில் திறமையானவர்களாக இருக்கலாம். குதிரையை நடத்தத் தெரிவது ஒன்று. உடற்குறையுள்ள குழந்தைக்கோ முதன்முறையாக ஏறும் தாய்க்கோ கற்றுக்கொடுக்கத் தெரிவது முற்றிலும் வேறு. முறையான பள்ளிகள் பெரும்பாலும் பெருநகரங்களையும், புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் போன்ற இடங்களையும் ஒட்டியே உள்ளன. இராணுவக் குதிரைப் படைப்பிரிவுகளிலோ, காவல்துறைக் குதிரைப்படையிலோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் சிலர் தனியாகவும் பயிற்சி தருகின்றனர். அத்தகைய பின்னணி நல்ல தொடக்கமே. ஆயினும் அவரும் தனியாகப் பணியாற்ற இயலாது. தசைக்கட்டுப்பாடு இல்லாத குழந்தை ஏறும்போது குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், குழந்தையின் இருபுறமும் நடந்துவர இருவர் என மூவர் வேண்டும்.

எங்கள் அனுபவத்தில், நல்ல பயிற்றுநரை அவர் சொல்வதைக் கொண்டு அறிவதைவிட, அவர் கேட்பதைக் கொண்டு அறிவது எளிது. குழந்தைக்கு வலிப்பு வருவதுண்டா, இடுப்பு மூட்டு விலகியுள்ளதா, முதுகெலும்பு வளைந்துள்ளதா, அண்மையில் அறுவை நடந்ததா என்று அவர் விசாரிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையெனில் கழுத்தைப் பற்றித் தவறாமல் கேட்க வேண்டும். அவர்களுள் சிலருக்கு மேற்கழுத்து எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும், ஒரு குலுக்கலே தண்டுவடத்தைத் தாக்கக்கூடும். மருத்துவரின் கடிதம் இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்பவரைக் கெடுபிடிக்காரர் என்று எண்ணாதீர்கள். உங்கள் குழந்தைக்காக அவர் அஞ்சுகிறார்.

அதே கேள்விகளைப் பெற்றோரைப் பற்றியும் கேட்க வேண்டும். கருவுற்றிருப்போர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர், எலும்புத் தேய்மானம் உள்ளோர் ஏறாதிருப்பதே நல்லது. நீரிழிவால் பாதங்களில் உணர்வு குறைந்தவர்களுக்கு, கால் அங்கவடியில் சரியாகப் பொருந்தியுள்ளதா என்பதே தெரியாமல் போகும்.

தாயும் சேயும் ஒரே குதிரையில் அமர்வதை மட்டும் எந்நிலையிலும் ஏற்க வேண்டாம். குதிரை, தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமப்பது நல்லதன்று என்பது பொதுவான கணக்கு. சேணமும் அதில் அடங்கும். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 50 கிலோவே எல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. குதிரை மிரண்டால் தாய் குழந்தையின் மீதே விழுவார். சேர்ந்து கற்க விரும்பினால் இரு குதிரைகள் வேண்டும். இல்லையேல் ஒருவர் ஏற, மற்றவர் வேலிக்கு வெளியே காத்திருக்கலாம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு செய்தி உண்டு. குதிரை, ஓடித் தப்பிப் பிழைக்கும் இயல்புடைய விலங்கு. மனிதர் செவிக்கு எட்டாத ஒலிகளும் அதன் செவிக்கு எட்டும். கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் பின்புறத்தின் பெரும்பகுதியையும் பார்க்கும். திடீர் ஓசை கேட்டால் முதலில் ஓடும். காரணத்தை ஆராய்வது அப்புறம்தான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் ஓசைக்குப் பஞ்சமில்லை. பட்டாசுச் சோதனையும், கோயில் வேட்டும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் குதிரைக்கு ஒன்றே. பயிற்சித் திடலுக்கு அருகே ஆலை உண்டா, குதிரை வேட்டுச் சத்தத்துக்குப் பழகியதா, திருவிழா நாட்களில் வகுப்பு நிறுத்தப்படுமா என்று கேளுங்கள். "என் குதிரை எதுக்கும் பயப்படாது" என்ற விடை போதாது. அஞ்சாத குதிரை என்று ஒன்று இல்லை. வேலியிட்ட திடல் வேண்டும். சாலையோரப் பயிற்சி வேண்டாம்.

தீக்காயம் ஆறியவர்களுக்கும் ஒரு சொல். ஒட்டுத்தோல் மெல்லியது, தொடையின் உட்புறத்திலோ கையிலோ அத்தகைய தோல் இருந்தால் சேணத்தின் உராய்வில் எளிதில் கிழியும். வெயில் பட்டால் தழும்பு கருக்கும். அறுவை மருத்துவர் அனுமதிக்கும் வரை காத்திருங்கள். அனுமதித்த பின்னும் முழுக்கை, முழுக்கால் உடையுடன் அதிகாலை வகுப்பையே தேர்ந்தெடுங்கள். விருதுநகர் வெயிலில் பத்து மணிக்கு மேல் பயிற்சி தருபவர் குதிரையையும் எண்ணவில்லை, உங்களையும் எண்ணவில்லை.

சேர்வதற்கு முன் ஒரு நாள் சொல்லாமல் சென்று லாயத்தைப் பாருங்கள். விலா எலும்புகள் துருத்தியிருக்கின்றனவா, சேணத்தின் கீழ் புண் உண்டா, தொட்டியில் நீர் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடிவாளத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாய்க்குள் செல்லும் இரும்பில் முள் இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். முள் கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. வலியால் அடக்கப்பட்ட குதிரை, அந்த வலி மிகும் நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று எவராலும் சொல்ல இயலாது. குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள். கால்நடை மருத்துவரின் சான்றைக் காட்ட நல்ல உரிமையாளர் தயங்க மாட்டார்.

தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதாக, தாடைப்பட்டையுடன், குழந்தையின் தலைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். இருசக்கர வாகனத் தலைக்கவசம் கனமானது. சிறு கழுத்துக்குப் பாரம். செருப்பு கூடாது, சிறிய குதிகால் உள்ள மூடிய காலணி வேண்டும், இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழுந்தவர் கால் சிக்கி இழுபடுவதுதான் இவ்விளையாட்டின் மிகக் கொடிய விபத்து.

லாயத்து மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். குழந்தைக்கு 5 வயதுத் தடுப்பூசியும், 10 மற்றும் 16 வயதில் இடும் டி.டி. ஊசியும் போடப்பட்டுள்ளனவா என்று அட்டையைப் பாருங்கள். பெரியவர்கள் கடைசியாக எப்போது போட்டோம் என்பதே நினைவில்லையெனில், எங்கள் புறநோயாளிப் பிரிவில் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளோர்க்கு வைக்கோல் தூசியும் குதிரை மயிரும் மூச்சிரைப்பைத் தூண்டலாம்.

விழுந்தவருக்குக் கழுத்து வலித்தாலோ, கை கால் மரத்தாலோ அவரைத் தூக்க வேண்டாம். தலைக்கவசத்தைக் கழற்றவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் மறுநாள் வரை கவனியுங்கள். வாந்தி, மிகுந்த தூக்கம், குழறும் பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அந்தத் தாய் இக்கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு சென்றார். ஒரு வாரம் கழித்து வந்தவர், குதிரைக்காரர் தலைக்கவசம் என்றதும் சிரித்துவிட்டார் என்றார். மாதக் கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கேட்டாராம், இவர் கொடுக்கவில்லை. தற்போது சிறுவன் எங்கள் பிரிவில் உருளை மெத்தையின் மீது இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, நாங்கள் அசைக்க அசைக்கச் சமநிலை பழகுகிறான். குதிரை தரும் அசைவு முழுவதும் அதில் இல்லைதான். எனினும் வாரத்தில் மூன்று நாள், பேருந்துக் கட்டணத்தில் முடிகிறது. உறவினர் வசிக்கும் நகரில் ஒரு பள்ளி இருப்பதாக அறிந்து, கோடை விடுமுறையில் அங்கு சென்று பார்க்க எண்ணியுள்ளார்.

பயிற்சியில் சேர விரும்பும் குடும்பங்கள், பயிற்றுநர் தரும் விண்ணப்பத் தாளையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துக்கொண்டு, புறநோயாளிச் சீட்டுடன் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வரலாம். குழந்தையைப் பரிசோதித்து, ஏறலாமா கூடாதா என்று எழுதித் தருகிறோம்.