கரையில் நிற்பவர் நனையாமல் ஓர் அருவிக் குளியல்! தெரியுமா?

குற்றாலப் பேரருவிக்கு அடியில் நின்றால் தலை மட்டுமா நனையும்? கால் நகம் வரை நனையும்! கீமோதெரபியும் அப்படித்தான். ரத்தத்தில் ஏறிய மருந்து புற்றுக் கட்டியோடு முடி வேரையும் குடலையும் சேர்த்துத் தாக்கும். கட்டியை மட்டும் நனைக்க வழி உண்டா? ஓரளவு உண்டு, படியுங்கள்!

★ முதலில், அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? தென் மாவட்டக் கரிசலில் மானாவாரியாக விளையும் நித்தியகல்யாணி தெரியும்தானே? ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டைன் அதிலிருந்துதான் வருகிறது! டன் கணக்கில் இலை, கிராம் கணக்கில் மருந்து. (வேலியோரச் செடியைப் பறித்துக் கசாயம் வைத்துவிடாதீர்கள், விஷம்!)

★ மேற்குத் தொடர்ச்சி மலையில் நோத்தபோடைட்டஸ் என்றொரு சிறு மரம். அதில் கேம்ப்டோதெசின் என்ற புற்று மருந்துப் பொருள் இருப்பதை 1972-ல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அறிவித்தார்கள். அந்தப் பொருளின் வாரிசான இரினோடெக்கான், 2015-ல் கணையப் புற்றுக்காகக் கொழுப்புக் குமிழியில் ஏறியது!

★ அதென்ன குமிழி? அதுதான் லிப்போசோம். 1960-களில் பிரிட்டனின் அலெக் பேங்கம் கண்டது. மருந்து சுமக்கும் குமிழியின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஐந்நூறுக்கும் மேல் வரிசை கட்டி நிற்கும்!

★ கட்டி தனக்கென அவசர அவசரமாக ரத்தக் குழாய் போட்டுக்கொள்ளும். அவசரக் கொத்து வேலை, சுவரெல்லாம் ஓட்டை! நல்ல குழாயைத் தாண்ட முடியாத குமிழி அந்த ஓட்டையில் கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும். இதை 1986-ல் சொன்னவர்கள் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும்.

★ புற்றுக்கான முதல் குமிழி மருந்து டாக்சில். அமெரிக்கா அனுமதித்தது 1995-ல். ஒரே குமிழிக்குள் பத்தாயிரம் மருந்து மூலக்கூறுகள்! 2012-ல் அங்கே அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது கைகொடுத்தது யார்? நம் சன் பார்மாவின் லிப்போடாக்ஸ்!

★ எல்லாக் குமிழியும் கட்டிக்குப் போய்ச் சேருமா? அதுதான் இல்லை! பத்தாண்டு விலங்கு ஆய்வுகளை 2016-ல் அலசியபோது, கட்டியை எட்டிய, இந்தக் குமிழி போன்ற நானோ துகள்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.7 சதவீதம்தான். ஈரலும் மண்ணீரலும் வழியிலேயே மடக்கிவிடுகின்றன.

★ பிறகு என்ன லாபம்? இதயம்! டாக்சிலுக்குள் இருக்கும் மருந்தான டாக்சோரூபிசின், குமிழி இல்லாமல் வெறுமனே ஏறினால் இதயத்தைப் பதம் பார்க்கும். குமிழிக்குள் அடைத்தால் அந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம்.

அருவிக்குள் நிற்கும் கட்டியை முழுசாக நனைக்க இன்னும் கைவரவில்லை. ஆனால் கரையில் நிற்கும் இதயம் அவ்வளவாக நனையாமல் காக்கக் கற்றாயிற்று!