உங்களுக்குத் தெரியுமா? வளர்த்தியான குழந்தைக்கு ஏற்ற கார் இருக்கை

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். ஈப்போ நகரச் சாலையானாலும் சுங்கை சிப்புட் பழைய ரப்பர் தோட்டப் பாதையானாலும் விதி ஒன்றே.

● ஐ.நா. தர முத்திரை (ஆர்44 அல்லது ஆர்129) இருக்க வேண்டும். ஆர்44 பொதுவாக எடையையும், ஆர்129 உயரத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆர்129 விதிப்படி 15 மாதம் கடக்கும்வரை குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தே அமர வேண்டும்.

● கால் மடங்கியிருப்பது ஆபத்தல்ல. தலையின் உயரமே முக்கியம். பின்பக்கம் பார்த்த இருக்கையில் உச்சந்தலைக்கு மேல் சுமார் 2.5 செ.மீ. இடம் தேவை, தோள்வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ அமையும்.

● முன்பக்கம் பார்த்த இருக்கையில் தோள்வார் தோள் மட்டத்திலோ சற்று மேலோ வர வேண்டும். காதுகள் இருக்கையின் மேல் விளிம்பை எட்டினால் பெரிய இருக்கைக்கு மாற வேண்டும்.