மருந்துகளின் மீது வெப்பத்தின் தாக்கம்

மருந்துகளின் மீது வெப்பத்தின் தாக்கம் என்பது, உயர் வெப்பநிலையால் மருந்துகள் சிதைந்து ஆற்றல் இழப்பதையும், வெயில் காலத்தில் சில மருந்துகள் உடலுக்குக் கூடுதல் இடர் விளைவிப்பதையும் குறிக்கும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் கோடைக்காலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வட்டாரச் சூழல்

2003 மே 31 அன்று சென்னையில் 45 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது. பிற்பகலில் வெப்பத்தைத் தணிக்கும் கடற்காற்று கடலோரப் பகுதிகளைக் கடந்த பின்னரே மேற்குப் புறநகரை அடைகிறது. ஆகவே இங்கு வெப்பம் கூடுதல் நேரம் நீடிக்கிறது. பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 25 அல்லது 30 பாகைக்கு மிகாமல் வைக்குமாறு அச்சிடப்பட்டுள்ளது. கத்திரி வெயிலின்போது தகரக் கூரை வீடுகளிலும் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைகளிலும் இவ்வரம்பு எளிதில் மீறப்படுகிறது.

சிதைவு

வெப்பம் வேதிவினைகளை விரைவுபடுத்துகிறது. ஈரப்பதம் அதற்குத் துணை செய்கிறது. ஆஸ்பிரின் சிதைந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிகிறது. இதனாலேயே கெட்டுப்போன ஆஸ்பிரின் புட்டியில் காடி மணம் வீசுகிறது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கப்படும் நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகக்கூடியது. சிதைந்த டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகள் 1963இல் பதிவாயின.

இன்சுலின்

இன்சுலின் ஒரு புரதம் ஆகும். திறக்கப்படாத குப்பிகளை 2 முதல் 8 பாகை வரையிலும், பயன்பாட்டில் உள்ளவற்றை வகைக்கேற்ப 25 அல்லது 30 பாகைக்குக் கீழ் ஏறத்தாழ நான்கு வாரங்களும் வைக்கலாம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32, 37 பாகைகளில் 28 நாட்கள் வைக்கப்பட்ட இன்சுலினின் ஆற்றல் குறைந்தது. மாறாக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செனீவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் வைத்த இன்சுலின் பெரிதும் பாதிக்கப்படவில்லை. இரவில் வெப்பம் தணிவது இங்கு கருதத்தக்கது. சென்னையின் மே மாத இரவுகள் பெரும்பாலும் அந்த அளவுக்குத் தணிவதில்லை.

ஆற்றல் குறைந்த குப்பி பார்வைக்கு மாறாமலே இருக்கலாம். குருதிச் சர்க்கரை உயர்வதைக் கண்டு மருந்தின் அளவு கூட்டப்பட்ட பின், முழு ஆற்றலுள்ள புதிய குப்பியை அதே அளவில் பயன்படுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

உடலில் ஏற்படும் விளைவுகள்

நன்றாகப் பாதுகாக்கப்பட்ட மருந்தும் வெயிலில் இடர் தரலாம்.

* சிறுநீர்ப் பெருக்கிகள் உடலின் நீரையும் உப்பையும் குறைக்கின்றன.
* சில மனநோய், ஒவ்வாமை மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல் வெப்பத்தைக் கூட்டுகின்றன.
* நீரிழப்பின்போது லித்தியத்தின் அளவு குருதியில் நச்சு நிலைக்கு உயரலாம்.
* ஐபுபுரோஃபன் போன்ற வலி நீக்கிகள் நீரிழப்புற்றவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.
* டாக்சிசைக்ளின் உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் சிவந்து புண்ணாகலாம்.

வெப்பத் தாக்குதலால் உயரும் உடல் வெப்பத்தைப் பாராசிட்டமால் குறைக்காது. உடலை உடனே நீரால் குளிர்வித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

பாதுகாப்பு முறைகள்

மருந்துகளை அடுப்பங்கரை, சன்னலோரம், தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்புறம், இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டி ஆகியவற்றில் வைத்தல் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் இன்சுலினை உறைவறைக்கு அருகில் வைக்கலாகாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. குளிர்பதனப் பெட்டி இல்லாதோர், ஈரமணல் நிரப்பிய பானையினுள் சிறு மண்கலத்தை வைத்து அதில் குப்பியைப் பாதுகாக்கலாம். நீர் ஆவியாதலால் கலம் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது இப்பயன் குறையும். வெயிலைக் காரணம் காட்டி மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. அளவை மாற்ற வேண்டுமா என்பதைக் கோடை தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.