மறதி நோய் பாதித்த பெற்றோருக்கு காப்பகம் தேடுறீங்களா? பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

"அம்மாவை ஹோம்ல விட்டுட்டாங்களாம்..." என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்தே பல குடும்பங்கள் இந்த முடிவைத் தள்ளிப்போடுகின்றன. திடீரென ஒருநாள் அப்பா கதவைத் திறந்துகொண்டு நடுரோட்டில் போய் நிற்பார். அல்லது கேஸ் அடுப்பு இரவு முழுக்க எரிந்துகொண்டிருக்கும். அதன்பிறகு இரண்டே நாளில், கூகுளில் முதலில் வந்த ஏதோ ஒரு காப்பகத்தில் அவசர அவசரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி, சாப்பாடு சரியில்லை என்றால் மகளுக்கு போன் போட்டு சொல்லிவிடுவார். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பாதித்தவரால் அது முடியாது. நேற்று இரவு சாப்பிட்டாரா, யாராவது அதட்டினார்களா, கீழே விழுந்தாரா என்பதை அவரால் நினைவு வைத்துச் சொல்ல முடியாது. எனவே அவருக்குப் பதிலாக குடும்பம்தான் கேள்வி கேட்க வேண்டும். என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

*எத்தனை பேருக்கு இந்தப் பாதிப்பு?*

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிட பெண்களிடமும், நகரங்களைவிட கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்கிறது அந்த ஆய்வு.

"வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. சாவி எதற்குப் பயன்படும் என்பதே புரியாமல் போவது வேறு. இரண்டாவது வகைதான் நோய். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர்.

*காப்பகம்தான் ஒரே வழியா?*

இல்லை. முதலில் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மன அழுத்தம் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்கு சிகிச்சை உண்டு. அதேபோல, நேற்று வரை நன்றாகப் பேசியவர் திடீரென உளறினால், சிறுநீர்த் தொற்று போன்ற உடல் பிரச்னையாகவும் இருக்கலாம்.

நோய் உறுதியான பிறகும் வீட்டுக்கே வரும் பராமரிப்பாளர், பகல்நேரப் பராமரிப்பு மையம் ஆகிய வழிகள் இருக்கின்றன. இரவில் தூங்காமல் நடப்பது, பார்த்துக்கொள்பவரின் உடல்நிலையே மோசமாவது, வீட்டில் வேறு ஆள் இல்லாதது... இந்தக் கட்டம் வரும்போதுதான் காப்பகம் பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் இடம் தேடும் வேலையை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. ஆறு மாதம் முன்பே நாலைந்து இடங்களைப் பார்த்து வைத்திருந்தால், அவசரத்தில் ஏமாற வேண்டியிருக்காது.

*முதல் கேள்வி: பதிவுச் சான்று எங்கே?*

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தந்த மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தாலே விவரம் தெரிந்துவிடும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய்க்கான வரையறையில் நினைவாற்றல் பாதிப்பையும் குறிப்பிடுகிறது. எனவே மறதி நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். "டிரஸ்ட் பதிவு இருக்கு சார்" என்ற பதில் போதாது. அறக்கட்டளைப் பதிவு வேறு, காப்பகம் நடத்த அனுமதி வேறு.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரம விவகாரமே சாட்சி. வெளிநாட்டில் வசித்த ஒருவர், தன் உறவினரான முதியவரை அங்கே சேர்த்திருந்தார். பின்னர் பார்க்கப் போனபோது முதியவர் அங்கே இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாக பதில் வந்தது. விவகாரம் ஆட்கொணர்வு மனுவாக சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதிகாரிகள் சோதனை நடத்தியபோது, ஆசிரமம் உரிய அனுமதி இல்லாமல் இயங்கியது தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது.

*எந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும்?*

சொல்லிவிட்டு காலை 11 மணிக்குப் போனால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். முதல் முறை சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டாவது முறை சொல்லாமல், மாலை 5 முதல் 7 மணிக்குள் போக வேண்டும்.

மறதி நோயாளிகள் பலருக்கு பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று பையை எடுப்பார்கள், கதவைத் தட்டுவார்கள், அழுவார்கள். அந்த நேரத்தில் ஊழியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் காப்பகத்தின் தரம் தெரியும். "இதுதான் உங்க வீடு, பேசாம உட்காருங்க" என்று அதட்டுகிறார்களா? அல்லது "சரிப்பா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்து நடக்கவைக்கிறார்களா?

உள்ளே போனதும் கவனிக்க வேண்டியவை:

- சிறுநீர் வாடை அடிக்கிறதா? அல்லது அதை மறைக்க பினாயில் வாடை தூக்கலாக இருக்கிறதா?
- எல்லோரும் டிவி முன் வரிசையாக உட்காரவைக்கப்பட்டு, தலை தொங்கி தூங்குகிறார்களா?
- ஊழியர்கள் பெயர் சொல்லி, உறவு சொல்லி அழைக்கிறார்களா? "3-ம் நம்பர் பெட்" என்கிறார்களா?
- கழிவறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு உள்ளதா?
- வாசல் கதவு பாதுகாப்பாக இருக்கிறதா? அதேசமயம், தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேற வழி இருக்கிறதா?
- நடமாட திறந்தவெளி இருக்கிறதா?

*"ராத்திரி எத்தனை பேர் இருப்பீங்க?"*

எத்தனை ஊழியர்கள் என்று கேட்டால் மொத்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். கேட்க வேண்டியது, இரவு 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பது. 30 பேர் இருக்கும் இடத்தில் இரவில் ஒரே ஒரு ஆயா என்றால், ஒருவரைக் கழிவறைக்கு அழைத்துப் போகும் நேரத்தில் மற்ற 29 பேரைப் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

நர்ஸ் முழுநேரமும் இருக்கிறாரா, டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார், அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே நோயாளியுடன் யார் தங்குவார்கள் என்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடமா என்றும் விசாரிக்கலாம். முகம் பழகினால்தான் மறதி நோயாளிக்கு பயம் குறையும். பெண்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் ஊழியர்கள்தான் இருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

*கட்டி வைப்பது குற்றமா?*

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களுக்கான கூரைக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் "பாதுகாப்புக்காகக் கட்டி வைக்கிறோம்" என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனி அறையில் அடைத்து வைப்பதற்கும் அனுமதி இல்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம்.

எனவே நேரடியாகவே கேட்டுவிட வேண்டும்: "எங்கம்மா ராத்திரி எழுந்து எழுந்து நடப்பாங்க. என்ன செய்வீங்க?" பதிலில் "கட்டிலோடு லேசா கட்டிடுவோம்" என்று வந்தால், அந்த இடத்தை மறந்துவிடலாம்.

*மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கிறார்களா?*

கயிறு கண்ணுக்குத் தெரியும். மாத்திரை தெரியாது. தொந்தரவு கொடுக்காமல் இருக்க ரிஸ்பெரிடோன், குவெடியபின், ஒலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளைத் தருவது பல நாடுகளிலும் இருக்கும் பிரச்னை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் தரும்போது இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2005-லேயே எச்சரித்தது.

சில நோயாளிகளுக்கு குறுகிய காலத்துக்கு இவை தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், காப்பக மேனேஜர் அல்ல. "புது மாத்திரை தொடங்கும் முன் எங்களிடம் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டின் நகல் மாதாமாதம் வேண்டும்" என்று சேர்க்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

*சாப்பாடும் மொழியும்*

நோய் முற்றும்போது விழுங்குவதே சிரமமாகிவிடும். அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். எனவே சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை இருந்து பார்க்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, நிதானமாக ஊட்டுகிறார்களா? தண்ணீர் கேட்கத் தெரியாதவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுக்கிறார்களா? மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கிறார்களா? எடை தொடர்ந்து குறைந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை மணி.

மொழியும் முக்கியம். இரண்டு மூன்று மொழி பேசியவர்கள்கூட, நோய் முற்றும்போது தாய்மொழிக்கே திரும்பிவிடுவது உண்டு. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசிய ஒருவர், "தண்ணி வேணும்" என்பதை அந்த மொழியில்தான் கேட்பார். தமிழே தெரியாத வெளிமாநில ஊழியர் பக்கத்தில் இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முக்கியமான 20 வார்த்தைகளை எழுதி, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம்.

*பணம் கட்டும் முன்...*

மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் ஆகியவை தனிக் கணக்கா? படுத்த படுக்கையானால் கட்டணம் எவ்வளவு கூடும்? டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஒரு மாதத்துக்குள் வெளியே கூட்டிவந்தால் அல்லது அவர் இறந்துவிட்டால் மீதிப் பணம் என்ன ஆகும்? எந்தக் காரணத்துக்காக காப்பகமே அவரை வெளியே அனுப்பலாம்? எல்லாமே ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், பவர் பத்திரம். "அப்பா எனக்கு பவர் கொடுத்திருக்கார், அதை வச்சு எல்லாம் பண்ணிக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 201-வது பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் மனநிலை திறனை இழந்தால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வந்துவிடும். அதன்பின் நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் நியமனம் பெறும் நிலை வரும். எனவே பென்ஷன், வங்கிக் கணக்கு, உயில் ஆகியவற்றை நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே, அவருக்குப் புரியும்போதே, வழக்கறிஞரைக் கேட்டு முடித்துவிடுவது நல்லது.

*சேர்த்த பிறகு என்ன செய்ய வேண்டும்?*

"அவர் செட்டில் ஆகணும், ஒரு மாசம் வராதீங்க" என்று சொல்லும் காப்பகத்தில் உஷாராக இருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் வர அனுமதி உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள், உள்ளூரில் ஒரு உறவினரையாவது நண்பரையாவது வாரம் ஒருமுறை நேரில் போகச் சொல்ல வேண்டும். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும்.

நேரில் போகும்போது மணிக்கட்டு, கணுக்காலில் தழும்பு இருக்கிறதா, முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, குறிப்பிட்ட ஊழியர் அருகில் வந்தால் மட்டும் ஒடுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் சொல்வதில் நாள், கிழமை தப்பாக இருக்கலாம். ஆனால் "அடிச்சாங்க" என்று சொன்னால், "அவருக்கு நினைவு தப்பிடுச்சு" என்று ஒதுக்கிவிடாமல் விசாரிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். மாவட்ட ஆட்சியர், மாவட்ட சமூக நல அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம்.

*காப்பகத்தில் விடுவது கைவிடுவதா?*

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பில் உள்ளவர் மூத்த குடிமக்களை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்வதைத்தான் குற்றம் என்கிறது. அதற்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விசாரித்து, நல்ல இடத்தில் சேர்த்து, தொடர்ந்து போய்ப் பார்ப்பது அதில் வராது.

மகன் யார், மகள் யார் என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். "எங்களையே தெரியல, போய் என்ன பண்றது?" என்று நிறுத்திவிடக் கூடாது. அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் நோயாளி என்றால் ஊழியர்களும் கூடுதல் கவனத்தோடு இருப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும்.