குறி தவறுவது கையாலா, கண்ணாலா?

குறி தவறினால் கையைக் குறை கூறுவது வழக்கம். காரணம் கண்ணாகவும் இருத்தல் கூடும். இரு கண்ணும் நோக்கினும், குறியை நேர்ப்படுத்துகையில் மூளை ஒரு கண்ணின் காட்சிக்கே முதன்மை தரும். இத்தாலிய அறிஞர் போர்ட்டா 1593-இலேயே இதனை எடுத்துரைத்தார்.

முதன்மைக் கண்ணை அறிவது எளிது. கைகளை நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, அதனூடே தொலைவிலுள்ள பொருளொன்றை இரு கண்ணாலும் நோக்குக. பின்னர் இடக்கண்ணை மூடுக. பொருள் மறையாவிடின் வலக்கண்ணே முதன்மை, மறைந்தால் இடக்கண்.

வலக்கையர் சிலர்க்கு இடக்கண்ணே முதன்மை. அன்னோர் வலத்தோளில் துப்பாக்கியை ஊன்றி, இரு கண்ணும் திறந்து, பறக்கும் களிமண் தட்டைச் சுட்டால் குண்டுகள் இடப்புறம் விலகும். கண்ணை இறுக மூடினால் முகம் சோரும். பார்வைப் பரப்பும் குறுகும். மூக்குக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒளி புகும் மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டுவது ஒரு வழி. புதிதாகப் பயில்வோர்க்கு இடத்தோளுக்கு மாறுவதே நன்று. கைத்துப்பாக்கியாயின், அதனை இடக்கண்ணுக்கு நேரே சற்று நகர்த்தினால் போதும்.

கை பயிற்சிக்கு இணங்கும். அங்கேரி வீரர் கரோலி தக்காச்சு 1938-இல் வெடிகுண்டால் வலக்கை சிதைந்தபின் இடக்கையால் பயின்று, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். முதன்மைக் கண்ணோ எளிதில் மாறுவதன்று. ஆதலின் மாணவனைக் கடியுமுன் அவன் கண்ணை அறிவதே ஆசிரியர் கடன்.